ரெக்சின் மேல் நின்றவனுக்கு

அன்புள்ள தங்கை மகனுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது. இப்போது யாவரும் என்றால் நான் ஒருத்திதான். நீயும் உன் கூட்டாளிகளும் நன்றாக இருக்க வேண்டும். ஐந்தாவதோடு நின்றவள், கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மட்டும் பொறுத்துக்கொள்.

உன் பெரியப்பா போன மறுமாதம் உன் அம்மா போன் செய்து, "அக்கா, அவன் பேண்ட் ரொம்பப் பெருசாயிடுச்சு" என்றாள். "குடுத்தனுப்பு, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தர்றேன்" என்றேன். அது நீங்கள் நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற கூட்டமாம். பேப்பரில் 'மாற்று ராக்' என்று போட்டிருந்தது. எதற்கு மாற்று என்று போடவில்லை. "ஆல்பம் வந்து பிச்சிக்கிட்டுப் போகுது, அத்தானும் அதுல இருக்காரு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு உருப்படியாக ஒரு போட்டோ கிடையாது. லைசென்சில் இருப்பதில்கூடக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அதனால் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஆல்பம் வருகிறது, ஆல்பம் வருகிறது என்று சொல்லி வைத்தேன். பார்சல் வந்த அன்று ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிரித்தோம். உள்ளே ஒரு சிடி. அட்டையில் பஞ்சு பிதுங்கிய வண்டி சீட் ஒன்று, பெரியப்பா சீட் தைத்த நம் கடையுடையது. கிழிந்த சீட்டோடு ஒரு வண்டியைக் கடையை விட்டு வெளியே விடாத மனுஷன். நீ அதை நாடு முழுக்க அனுப்பியிருக்கிறாய். எதிர்வீட்டுக்காரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீட்டுக்குப் பின்னால இருக்காரோ?" என்றாள்.

சிடி போட்டுக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதோடு விட்டதா? போன வாரம் இரண்டு பையன்கள் கடைக்கு வந்து, விரித்து வைத்திருந்த புது ரெக்சின் மேல் செருப்போடு ஏறி நின்று என் முகத்தையே பார்த்தார்கள். "என்னப்பா வேணும்?" என்றேன். "திட்டுங்கம்மா" என்றான் ஒருவன். "எனக்குத் திட்ட வராதுப்பா, திட்டுறவரு போயிட்டாரு" என்றேன். இரண்டு பேரும் இறங்கி, ரெக்சினைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னார்கள். ஸ்பாஞ்ச் அடுக்கிய பின்னறையில் எதிரொலி இருக்காது என்று நீங்கள் பாட்டுப் பதிந்தீர்களே, அன்றைக்கு நீ ரெக்சின் மேல் ஏறிக் குதித்ததும், அவர் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, "எவன்டா அவன் ரெக்சின் மேல நிக்கிறவன்? எறங்குடா கீழ!" என்று கத்தியதை அப்படியே பாட்டில் விட்டுவிட்டாயாம். அந்தப் பாட்டால்தான் ஆல்பமே ஓடுகிறதாம். மேடையில் நீ வாயை மூடிக்கொள்ள, கூட்டம் மொத்தமும் "எறங்குடா கீழ" என்கிறதாம். முப்பது வருஷம் அடுத்தவன் முதுகு நோகாமல் சீட் தைத்தவரை, ஊர் ஒரே ஒரு வசவுக்காக ஞாபகம் வைத்துக்கொள்வதா? இது எனக்குச் சம்மதமில்லை. அடுத்த முறை சிடி போடும்போது அவர் குரலை எடுத்துவிடு. இதை உன் பெரியம்மாவின் உத்தரவாக வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவுக்குப் போன் செய். உன் குரல் கட்டாமல் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பெரியம்மா

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் அந்தப் பாட்டைத் தன் போனில் போட்டுக் காட்டினாள். திட்டி முடித்ததும் குரலைத் தணித்து, "ஏய், இங்க வா, பசங்களுக்கு டீ போடு" என்கிறார். நான் "வர்றேன்" என்று எழுந்து அடுப்படி வரை போய்விட்டேன். மேலே எழுதியது எதையும் செய்யாதே. எதையாவது எடுத்தே தீர வேண்டுமென்றால் அந்த டிரம்ஸை எடு. அவர் என்னிடம் பேசும்போது குறுக்கே வருகிறது.