தாலிப் பெட்டிக்கு நான் காவல் இருந்த லட்சணம்

மூளையில் கட்டி என்று சொன்னால் ஊரே நம்பும். ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று என்றாலும் நம்பும். எல்லாம் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு, ‘இன்னும் அசதியாக இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ஆள் நம்ப மாட்டார்.

“முடியெல்லாந்தான் வந்துருச்சே, இன்னும் என்ன அசதி?” என்று என்னைக் கேட்டவர்களை வரிசையில் நிறுத்தினால், சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும். (முடிக்கும் அசதிக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன முடியாலா நடக்கிறேன்?) கதிர்வீச்சு கொடுத்தபோதே டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: கட்டி போனாலும் களைப்பு போக மாதக்கணக்கில் ஆகலாம், வருஷமும் ஆகலாம், அது சோம்பேறித்தனம் இல்லை என்று. அந்தக் கடைசி வரியை ஒரு போர்டில் எழுதி என் கழுத்தில் மாட்டி அனுப்பியிருக்கலாம் அவர்.

மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு ஒருவழியாக இப்படிச் சொல்லிப் புரிய வைத்தேன்: போர்வெல்லில் தண்ணீர் வற்றிய பிறகு மோட்டாரைப் போட்டால் எப்படி இருக்கும்? சத்தம் வரும், சூடு வரும், தண்ணீர் மட்டும் வராது. அதுதான் நான். குளித்துவிட்டு வந்தால், குளித்த களைப்புக்கே படுக்க வேண்டும். அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய அக்காவுக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். என் நங்கையா காய்ச்சலோடு மாவாட்டுகிற ரகம். தான் களைத்ததே இல்லை என்பதால், உலகத்தில் களைப்பு என்று ஒன்று இருப்பதாகவே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். “எந்திரிச்சு நாலு வேலையச் செஞ்சீன்னா அசதி தானா ஓடிப்போயிரும் அம்மணி” என்பதுதான் அவருடைய வைத்தியம்.

அவர் மகன் கௌதமின் கல்யாணம் கோபிசெட்டிபாளையத்தில் நடந்தது. முதல் நாள் சாயங்காலமே வேனில் கிளம்பி மண்டபத்துக்குப் போய்விட்டோம். அந்தப் பயணத்திலேயே என் போர் வற்றிவிட்டது. இருந்தாலும் காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

நங்கையா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாங் கண்ணு. மாப்பிள்ளை ரூம்ல சும்மா ஒக்காந்துக்க. அது போதும்.”

அந்தச் ‘சும்மா’ இருக்கிறதே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் குடும்பத்து விசேஷம் ஒவ்வொன்றிலும் பந்தி விசாரித்து, சீர்த்தட்டு அடுக்கி, வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் தலைகுனிந்து ‘வாங்க வாங்க’ என்று சொன்னவள் நான். எனக்கா சும்மா?

“சும்மாவெல்லாம் ஒக்கார மாட்டேனுங்க நங்கையா. அந்தத் தாலிப் பெட்டியை எங்கிட்டக் குடுங்க. கேக்கற வரைக்கும் நான் பத்திரமா வெச்சிருக்கறேன்.” (பெரிய பேங்க் லாக்கர் என்று நினைப்பு.)

கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை மேடைக்குப் போனதும் அறையில் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தேன். அதிகமானது. ஊக்கு தேடி ஒருத்தர், சீப்பு தேடி இன்னொருத்தர், சார்ஜர் தேடி நாலு பேர். வெளியே மேளம். தலையில் கத்தி வைத்ததிலிருந்து சத்தம் என்றால் எனக்கு ஆகாது. ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள்ளேயே விழுந்தது. தாலிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த நான், சுவர் லேசாகச் சாய்வதைக் கவனித்தேன். சாய்ந்தது சுவர் இல்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டேன். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். பெட்டி பத்திரமாக இருக்க வேண்டும் என்று அதை நெஞ்சோடு அணைத்தபடி, ஐந்தே நிமிஷம் என்று கட்டிலில் தலையைச் சாய்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. வீடியோவில்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணச் சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் மேடையில் “தாலியக் கொண்டாங்க” என்று கை நீட்டுகிறார். கை நீட்டியபடியே இருக்கிறது. நங்கையா கண்ணைக் காட்ட, என் வீட்டுக்காரர் எழுந்து ஓடுகிறார். கதவைத் தட்டுகிறார், இடிக்கிறார், “சுமதி! சுமதி!” என்று கத்துகிறார். பின்னாலேயே நங்கையா ஓடி வருகிறார். “தாழைப் போட்டுப்போட்டுத் தூங்கிப்போட்டாளா? இதென்னங்க அக்குரும்பா இருக்குது!”

மேளக்காரர்கள் பாவம், நிறுத்தவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். அருமைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். “முகூர்த்தம் முடியப் போகுதுங்க” என்று மைக்கிலேயே சொல்கிறார்.

யாரோ சுற்றிக்கொண்டு போய் அறையின் பின்பக்க ஜன்னல் திறந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கம்பி இருந்ததால் ஆள் நுழைய முடியாது. மண்டபத்துக்குப் பின்னால் தேங்காய் பறிக்கும் தொரட்டி ஒன்று சாத்தியிருந்திருக்கிறது. அதன் அடிப்பக்கத்தை ஜன்னல் வழியே நீட்டி, தாய்மாமனாக மேடையில் கம்பீரமாக நிற்க வேண்டிய என் வீட்டுக்காரர், என் தோளில் குத்தினார்.

நான் பாதி கண்ணைத் திறந்தேன். எதிரே ஜன்னல், வெளிச்சம், யாரோ தோளில் தட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டேன். அங்கே தட்டி எழுப்பினாலே ஸ்கேனுக்குத்தான். அழாக்குறையாக, ஆனால் மரியாதையாகச் சொன்னேன்:

“ஸ்கேனுக்கு இப்பத்தானுங்க போயிட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் வீடியோக்காரர் நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்தில் எங்கே கூட்டம் கூடினாலும் ஓடிப்போய் எடுப்பது அவர் தொழில் தர்மம் போலிருக்கிறது. அவர் கேமராவில் விழுவதெல்லாம் அப்படியே மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் தெரியும். வாயைத் திறந்தபடி, காதில் பஞ்சோடு, தாலிப் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்த என்னை மண்டபம் முழுக்கப் பார்த்தது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காகப் போட்ட நேரலையில் அவர்களும் பார்த்தார்கள்.

இரண்டாவது குத்தில் எழுந்து கதவைத் திறந்தேன். நங்கையா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். முகூர்த்தம் முடிவதற்குள் கௌதம் தாலி கட்டிவிட்டான். கல்யாணப் பெண் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டும் போட்டோக்களில் எல்லாம் அவள் சிரிப்புதான்.

எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் இல்லை, கோபத்தில். பந்தியில் ஒருத்தர், “நல்லாத் தூங்குனீங்ளாட்ட இருக்குது” என்றார். தூக்கமா அது? தூக்கம் என்றால் எழுந்தபிறகு தெம்பாக இருக்க வேண்டாமா? நங்கையா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேனில் திரும்பும்போது வீட்டுக்காரர்தான், “தொரட்டி ரொம்ப வலிச்சுதா?” என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டில் அன்றைக்கு என்னைப் பற்றி விசாரித்த ஒரே மனிதர் அவர்தான், குத்தியவரும் அவரே.

சில வருஷங்கள் ஓடிவிட்டன. என் களைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அந்த வாக்கியமும் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த வேலை பிடிக்காவிட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள். கடைக்குப் போகச் சொன்னால், “ஸ்கேனுக்கு இப்பத்தானுங்க போயிட்டு வந்தேன்.” பாத்திரம் தேய்க்கச் சொன்னால், “ஸ்கேனுக்கு இப்பத்தானுங்க...” கௌதமின் மனைவி அவனை ஞாயிற்றுக்கிழமை எழுப்பினால் அவனும் அதையே முனகிவிட்டுப் புரண்டு படுக்கிறானாம். ஆபரேஷன் எனக்கு, வசனம் அவர்களுக்கு!

போன மாதம் காரமடைக் கோயிலுக்குப் போகலாம், உடனே கிளம்பு என்று நங்கையா போன் செய்தார்.

“ஸ்கேனுக்கு இப்பத்தானுங்க போயிட்டு வந்தேன்” என்றேன்.

நங்கையா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பக்கமும் சிரிப்பு மெல்ல நின்றது.

“நெசமாவா அம்மணி?”

“நெசமாத்தானுங்க நங்கையா. வருசா வருசம் எடுக்கறதுங்க. இப்பத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?” குரல் எனக்குச் சரியாகக் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

“ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாருங்க.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “போயிட்டு வந்தது அசதியா இருக்கும். படுத்துக்க கண்ணு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

படுத்தேன். இந்த ஒரு வார்த்தையை அந்தக் கல்யாணத்தன்றைக்கே சொல்லியிருந்தால் என்னவாம் என்று நினைக்க நினைக்க எனக்கு வந்த கோபத்தில், சாயங்காலம் வரைக்கும் பொட்டுத் தூக்கமில்லை.