ஆட்டம் தெரியாத மாப்பிள்ளை

"பையில என்னடா அது?" என்றாள் தையல்நாயகி.

ஜட்கா வண்டி சின்ன காஞ்சிபுரத்துக்குள் திரும்பிவிட்டது. பெண் வீடு அடுத்த தெருவில். கலியாணசுந்தரம் போட்டிருந்த டெரிலின் சட்டை புதுசு. டெரிலினுக்கு ஒளிவுமறைவு கிடையாது, பையில் இருப்பதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் பளபளவென்று தெரிந்தன.

"ராசியான கட்டைம்மா. இருந்துட்டுப் போவுது."

"உன் ராசியை நான் பாத்துக்கினுதானே இருக்கேன். தூக்கி வெளிய போடு."

தூக்கிப் போடுவதாவது. அவன் அவற்றை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

கலியாணசுந்தரம் நல்ல நெசவாளி. குடி கிடையாது, காசு வைத்து ஆடுவது கிடையாது. ஆனால் உலகத்தில் உள்ள விளையாட்டுகள் அத்தனையையும் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் இருந்தது. இருந்தால் தப்பில்லை, வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியாததுதான் தப்பு. முதலில் பார்த்த பெண்ணின் தாய்மாமனிடம், தாயத்தில் காய் வெட்டினால் மறு ஆட்டம் உண்டா இல்லையா என்று சண்டை பிடித்தான். அடுத்த இடத்தில் பெண்ணின் அத்தை பல்லாங்குழியில் சோழியை மாற்றிப் போட்டதை, கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது சொல்லிக்காட்டினான். இரண்டு இடமும் போயிற்று. போனதில் அவனுக்கு வருத்தமும் இல்லை.

இந்த இடம் அப்படியில்லை. பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயில் கூட்டத்தில் ஏலவார்குழலியைப் பார்த்ததிலிருந்து, தறியில் இழை அறுந்தால்கூட அவனுக்குத் தெரிவதில்லை. இவளைக் கட்டாவிட்டால் வேறு யாரையும் கட்டப்போவதில்லை என்று ஜட்காவில் ஏறும்போதே முடிவு செய்திருந்தான்.

தரகர் ஒரு சங்கதி சொல்லியிருந்தார். போன மாதம் இதே பெண்ணைப் பார்க்க வந்த ஒருவன் ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசினானாம். பெண்ணின் தகப்பனார் சபாபதி அன்றைக்கே வேண்டாமென்று அனுப்பிவிட்டாராம். அதைக் கேட்டதும் தையல்நாயகி தீர்மானித்துவிட்டாள், அந்த மனுஷருக்கு விளையாட்டு என்றாலே ஆகாது.

"ஆட்டத்தைப் பத்திப் பேச்சு வந்தா என்னா சொல்லுவே?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"கேள்விப்பட்டதே இல்லன்னு சொல்லு."

வாசலில் சபாபதி நின்றிருந்தார். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. கலியாணசுந்தரம் மரியாதையாகக் குனிந்து கும்பிட்டான். வேட்டி மடிப்பு அவிழ்ந்தது. தாயக்கட்டை இரண்டும் சிமெண்டுத் தரையில் ணங்கென்று விழுந்து உருண்டு நின்றன. பார்த்தால் தாயம். ராத்திரி முழுக்கக் கெஞ்சினாலும் விழாத தாயம்.

சபாபதி எடுத்துப் பார்த்தார். "இது என்னா தம்பி?"

"எடைங்க. தறியில நூல் தளராம இருக்கறதுக்குக் கட்டித் தொங்கவிடறது."

"எடையில புள்ளி எதுக்கு?"

"எது இடது, எது வலதுன்னு ஒரு அடையாளம்."

ஒரு நெசவாளியிடம் இன்னொரு நெசவாளி சொல்லத் துணியாத பொய் அது. சபாபதி கட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான்கூட நீங்க தாயம் ஆடுவீங்களோன்னு பார்த்தேன்" என்றார்.

"தாயமா? அப்படின்னா?"

"பரமபதம்?"

"வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாள் கோயில்ல கதவு திறப்பாங்களே, அதுங்களா?"

தையல்நாயகிக்குப் பரம திருப்தி. சபாபதிக்குத்தான் முகம் வாடிவிட்டது.

"அட பாவமே. ஒண்ணுமே தெரியாம வளர்ந்துட்டீங்களேப்பா. அம்மா குழலி, காப்பி கொண்டாரப்போ அப்படியே சாக்குக்கட்டியும் எடுத்துக்கினு வா."

தையல்நாயகியின் திருப்தி அதோடு சரி. ஏலவார்குழலி காப்பியும் சாக்குக்கட்டியும் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையுமாக வந்தாள். மாப்பிள்ளையின் கையில் இருந்த கட்டைகளைப் பார்த்தாள், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல் உள்ள தறி அறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் 'தட்' என்று தறிச் சத்தம் கேட்டது.

"பொண்ணு பாக்க வந்திருக்கோம், இப்பவும் தறியா?" என்று தையல்நாயகி வியந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். கரையையும் உடலையும் கோத்து நெய்யற கோர்வைச் சேலை" என்றார் சபாபதி.

கூடத்துத் தரையில் முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாக ஆடுபுலிக் கட்டம் வரைந்துகொண்டே அவர் பேசினார். "இருந்தாலும் ஆட்டத்துக்கெல்லாம் ராஜா பரமபதம்தான். அதுல இருக்கற மூளை வேலை வேற எதுலயும் கிடையாது."

கலியாணசுந்தரத்துக்குக் காப்பி புரையேறியது. பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"மூளையா? கட்டை சொல்ற இடத்துக்குக் காயைத் தூக்கிக்கினு போறதுக்கு மூளை எதுக்குங்க? பாம்பு கடிச்சா நம்ம தப்பு இல்ல, ஏணி ஏறினா நம்ம கெட்டிக்காரத்தனமும் இல்ல. தாயம்னா எதைக் காப்பாத்தறது எதை விடறதுன்னாவது யோசிக்கணும். அதுலயும் தாயம் விழற வரைக்கும் பொறக்கவே முடியாம உக்காந்துக்கினு இருக்கணும், அது ஒரு கொடுமை. ராஜா ராணி சீட்டுல பாருங்க, ராஜாவுக்கு வேலையே கிடையாது. திருடன்தான் முகத்துல ஒண்ணும் காட்டாம நடிக்கணும், அவன்தான் உண்மையில ஆடறான். ஆடுபுலிதாங்க ஆட்டம். ஆடு பக்கம் உக்காந்தா ஆடு மாதிரி பயப்படணும். புலி பக்கம் உக்காந்தா நமக்கே பசிக்கணும்."

உள்ளே தறிச் சத்தம் நின்றிருந்தது. தையல்நாயகி இருமினாள். அப்புறம்தான் அவனுக்குத் தான் யார் என்பதும் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் ஞாபகம் வந்தது.

"அப்படின்னு எங்க பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவாரு" என்று முடித்தான்.

"அடேயப்பா, எவ்ளோ விஷயம் தெரிஞ்சவரு" என்று சபாபதி நிமிர்ந்தார். "அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"காசிக்குப் போயிட்டாருங்க" என்றான் கலியாணசுந்தரம்.

"செத்துப் போயிட்டாருங்க" என்றாள் தையல்நாயகி, அதே நொடியில்.

தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "காசிக்குப் போயி அங்க" என்றான் அவன்.

"நல்ல சாவு" என்றார் சபாபதி மரியாதையாக. "சரி, நீங்க புலி. நான் ஆடு."

ஒன்றும் தெரியாதவன் போல் ஆடித் தோற்றுவிடுவது என்று கலியாணசுந்தரம் முடிவு செய்தான். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, மனுஷர் சுமார் ரகம். வாயால் ஆடுகிறவர். புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "உச்சிக்குக் கீழ வைக்கலாமா, வேணாம், வலது ஓரம் வைக்கலாமா" என்று ஊருக்கே கேட்கும்படி யோசித்தார். உள்ளே தறி 'தட்' என்றது. வலது ஓரத்தில் வைத்தார்.

தறிச் சத்தத்தில்தான் சிலருக்கு யோசனை ஓடும். கலியாணசுந்தரமும் அந்த ஜாதிதான். இந்தத் தறி ஒரு போடு போடுவதும் வெகுநேரம் சும்மா இருப்பதுமாக இருந்தது. கரையும் உடலும் சேருகிற இடம் போலிருக்கிறது, நிறுத்தி நிறுத்தித்தான் நெய்தாக வேண்டும், எவ்வளவு பொறுமையான பெண் என்று அவன் உருகினான்.

நடுவில் ஓர் ஆடு பின்னால் காவலில்லாமல் நின்றது. தோற்க வந்த புலியாக இருந்தாலும் புலி புலிதானே. தாண்டி வெட்டினான். வெட்டிய பிறகுதான் புரிந்தது, அது வேண்டுமென்றே விட்ட ஆடு. அவனுடைய புலி ஒன்று மூலையில் மாட்டிக்கொண்டது.

அவ்வளவுதான், அவனுக்கு அம்மா மறந்துபோனாள், பெண் மறந்துபோனாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தான். தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான். இந்தப் பக்கம் பாய்வதாகப் பாவனை செய்து அந்தப் பக்கம் நகர்ந்தான். சபாபதி ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு முட்டாள்தனமான இடத்தைச் சொல்வார், பிறகு தறி தட்டும், பிறகு அபாரமான இடத்தில் வைப்பார். இரண்டாவது புலியும் அடைபட்டது. மூன்றாவதுக்கு மூச்சு விட இடமில்லை.

"ஐயோ, பொறந்ததுலேர்ந்து என் புலியை இப்படி யாரும் கட்டினதில்லீங்க" என்றான் கலியாணசுந்தரம்.

தையல்நாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. பொய் சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டிருந்தது.

"மாமா, எல்லாம் பொய். அது தாயக்கட்டைதான். பக்கத்து வீட்டுல ஒரு விதவைப் பாட்டிதான் இருக்காங்க, காசிக்குப் போனவர் யாரும் இல்ல. எனக்கு ஆட்டம்னா உயிரு. இதனாலேயே ரெண்டு இடம் தட்டிப் போச்சி. உங்களுக்கு ஆட்டம் புடிக்காதுன்னு நெனைச்சி மறைச்சேன். பொண்ணைக் குடுக்காட்டியும் பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன், குடுத்தா என்னை மாதிரி சந்தோஷப்படறவன் காஞ்சிபுரத்துலேயே இருக்க மாட்டான். குடுக்கலன்னாலும் ஞாயித்துக்கிழமையில உங்ககூட ஒரு ஆட்டம் ஆட மட்டும் உட்டுடுங்க."

"எனக்கா ஆட்டம் புடிக்காது? போன மாசம் வந்தவனுக்கு வாய்தான் ஆடிச்சி, அதான் அனுப்பிட்டேன்" என்று சபாபதி தாடையைச் சொறிந்தார். உள்ளே தறி மௌனமாக இருந்தது.

"என்னா பண்ணலாம்" என்று அவர் வழக்கம்போல் வாய்விட்டு யோசித்தார். "வேணாம்னு சொல்லிடலாமா?"

சத்தமே இல்லை.

"குடுத்துடலாமா?"

'தட்.'

"தை மாசம் வெச்சிக்கலாம்மா" என்று சபாபதி தையல்நாயகியிடம் சொன்னார்.

தையல்நாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தட்டு மாற்ற நாள் பார்ப்பதாகச் சொல்லி எழுந்தாள். கலியாணசுந்தரம் காற்றில் நடப்பதுபோல் வாசலுக்கு வந்தான். அங்கே பாவு சுற்றிக் கொடுக்கும் வேலாயுதம், ஒரு சேலைக்கான நீள நூலையெல்லாம் சேர்த்துச் சுருட்டிய பாவைத் தோளில் தாங்கிக்கொண்டு படியேறினார்.

வருங்கால மனைவி மேல் இப்போதே அக்கறை வந்துவிட்ட கலியாணசுந்தரம் அவரை மறித்தான். "கொஞ்சம் இருங்க அண்ணே. உள்ள கோர்வை ஓடிக்கினு இருக்குது. இப்ப போயி தொந்தரவு பண்ணாதீங்க."

வேலாயுதம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கோர்வையா? நல்லா சொன்னே போ. போன அமாவாசையிலேர்ந்து ஒரு இழை நூலு இல்லாம சும்மா கெடக்குதுபா அந்தத் தறி."