ஆயிரத்து நானூற்றுப் பதினேழு தடவை தட்டிய தம்பிக்கு

புதன்கிழமை, காலை பத்தே கால் மணி

அன்பிற்குரிய தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அண்ணி நலம், முழங்கால் மட்டும் போன வருடம் போலவே இருக்கிறது. நீ என் வீட்டில் விட்டுவிட்டுப் போன யூனிக்ஸ் கம்ப்யூட்டர் நலம். மாப்பிள்ளை வாங்கி அனுப்பிய அதிவேக மோடம் மிக மிக நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அதே வேகத்தில் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறானே, மூளை கலங்கிவிட்டதா என்று நீ நினைப்பாய். கலங்கவில்லை. நீயாக முதலில் பேசாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று உன் அண்ணியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். இப்போது நீ பேசிவிட்டாய். பேசினாய் என்றா சொல்வது, நேற்று மாலை நாலு மணியிலிருந்து இன்று காலை பத்து மணி வரை என் கம்ப்யூட்டரின் கதவை ஆயிரத்து நானூற்றுப் பதினேழு தடவை தட்டியிருக்கிறாய். கம்ப்யூட்டர் எண்ணியது, நான் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

முதலில் இந்த மோடம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றவர் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாரே என்று மாப்பிள்ளை அனுப்பினார். விநாடிக்குப் பதினாலாயிரத்து நானூறு பிட் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது, உன் காலத்து மோடம் ஆயிரத்து இருநூறைத் தாண்டாது என்பது ஞாபகம் இருக்கும். போன் லைன் வழியாக ஊரில் எந்தக் கம்ப்யூட்டரோடும் பேசலாம் என்றார். லைன் விஷயத்தில் எனக்கே சொல்லிக்கொடுக்கிறாரா என்று சிரித்துக்கொண்டேன், முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் நான். அந்தத் திமிரில்தான் முதல் கோளாறு. கடைக்காரர் கொடுத்த கேபிளைப் பிரித்துப் பார்த்தால் பேசும் கம்பி பேசும் கம்பியோடும் கேட்கும் கம்பி கேட்கும் கம்பியோடும் நேராகப் போகிறது. ஒருவன் வாய் இன்னொருவன் காதுக்குத்தானே போக வேண்டும், இது தெரியாதவர்கள் எல்லாம் கடை வைத்திருக்கிறார்கள் என்று நல்ல கேபிளை வெட்டி, இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தேன். கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. நீ விட்டுப்போன கையேட்டைத் தூசி தட்டிப் படித்தால், மோடத்துக்கு நேர்க்கம்பிதான் வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. மறுபடி வெட்டி, மறுபடி பற்றவைத்தேன். அந்த வேலையில் சாப்பாட்டு மேஜை விரிப்பில் ஒரு ஓட்டை விழுந்தது. அதன்மேல் பூச்சாடியை நகர்த்தி வைத்தேன். உன் அண்ணி ஒரு நிமிடத்தில் பூச்சாடியைத் தூக்கிப் பார்த்தாள். ஓட்டை வழியாக விரலை விட்டு என்னைப் பார்த்து ஆட்டினாள், அவ்வளவுதான்.

அடுத்த கோளாறு வேகம். மோடம் ஓடுகிற ஓட்டத்துக்கு உன் கிழட்டு மெஷின் ஈடு கொடுக்காமல் பாதி எழுத்தை விழுங்கிவிட்டது. 'பொறு' என்றும் 'சரி, அனுப்பு' என்றும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளத் தனியாக இரண்டு கம்பி உண்டாம், நான் பற்றவைத்ததில் அவை விட்டுப்போயிருந்தன. அவற்றையும் சேர்த்தேன். பிறகு சோதனைக்காக மாப்பிள்ளையின் ஆபீஸ் மோடத்தைக் கூப்பிட்டால், அது போட்ட கிறீச்சில் கீழ்வீட்டுத் தையல்காரர் கையில் டேப்போடு மாடியேறி வந்து, "சார், உங்க வீட்டுல பூனை எதுவும் கதவிடுக்குல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். அதனால் மோடத்தின் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். இனி விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று நாலு மணிக்கு, யார் கூப்பிட்டாலும் நீயே எடுத்துப் பேசு என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டுவிட்டு, மூன்று மணி நேரம் மேஜைக்கடியில் கிடந்ததில் ஒட்டிய அழுக்குப் போகக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மோடத்தில் போகிற பேச்சுக்கும் வருகிற பேச்சுக்கும் உள்ள இரண்டு சிவப்பு விளக்கும் மாறி மாறித் துடிக்கின்றன. ஈரத்துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீதான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். முதலாவது, திங்கட்கிழமையே அக்காவிடம், "நாளைக்கு நாலு மணியிலேர்ந்து மெஷின் போன் எடுக்கும், சும்மா உன்கிட்ட சொல்லி வைக்கிறேன், தம்பிகிட்ட சொல்ல வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னது எந்த வேகத்தில் போகும் என்று உனக்குத் தெரியும், இந்த மோடமெல்லாம் அதற்கப்புறம்தான். இரண்டாவதுதான் முக்கியம். யார் கூப்பிட்டாலும் கம்ப்யூட்டர் முதலில் 'பெயர் என்ன?' என்று கேட்கும். அடுத்து 'ரகசியச் சொல் என்ன?' என்று கேட்கும். தப்பாகச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிட்டு, வந்தவர் சொன்ன பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பதிவேட்டைத் திறந்தேன். ஆயிரத்து நானூற்றுப் பதினேழு வரியிலும் வந்தவர் பெயர் 'பெயர் என்ன?' என்றே இருக்கிறது. கேட்ட கேள்வியை அப்படியே திருப்பிக் கேட்கிறவன் நம் குடும்பத்தில் வேறு யார்? "எங்கடா போயிருந்தே?" என்று அப்பா கேட்டால், "எங்க போயிருந்தேன்?" என்று நின்றவன்தானே நீ. அடி விழுந்தாலும் பதில் மாறாது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உன் அண்ணிதான், "ராத்திரி பூரா முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கே, உங்க தம்பி சாப்பிட, தூங்கப் போக மாட்டாரா?" என்று சந்தேகப்பட்டாள். "அவன் பிடிவாதம் உனக்குத் தெரியாது" என்றேன். உள்ளே வர முடியாமல் போனதற்கு நான்தான் காரணம், தம்பி. உன் பழைய ரகசியச் சொல்லை, நம் பேச்சு நின்ற அந்த வாரமே கோபத்தில் மாற்றிவிட்டேன். இன்று காலை பழைய சொல்லையே திரும்பப் போட்டிருக்கிறேன். இனி ஒரே தடவையில் கதவு திறக்கும்.

கதவு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் பிரிவு உபசார விழாவில், "எங்க அண்ணன் எங்க வேலை செஞ்சாரு, மெஷின்தான் செஞ்சுது" என்று மைக்கில் நீ சொன்னதும் மொத்த எக்ஸ்சேஞ்சும் சிரித்தது. நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் கடைசி நாளில் அது எனக்கு வலித்தது. மறுநாள் சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது நான் வெளியே போயிருந்தேன் என்று உன் அண்ணி சொன்னாள் அல்லவா, அது நான் சொல்லச் சொன்ன பொய். திரைக்குப் பின்னால் நின்று, நீ படியிறங்கித் தெருமுனை வரைக்கும் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக அந்த முதுகுதான் கண்ணுக்குள் இருக்கிறது. நீயே இறங்கி வந்து இத்தனை தடவை தட்டிய பிறகு எனக்கு என்ன வீம்பு வேண்டிக்கிடக்கிறது. மன்னித்துவிட்டேன். அண்ணனுக்குரிய பெருந்தன்மையோடு, முழு மனதாக.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி, அவர்களாவது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி நல்லபடி வளரட்டும். விளக்கு இந்த நிமிடமும் துடித்துக்கொண்டிருக்கிறது. போதும் தம்பி, கொஞ்சம் ஓய்வெடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: மணி பதினொன்றரை. இப்போதுதான் நடைவழியில் இருக்கிற சாதாரண போன் மணி அடித்தது. உன் அண்ணி எடுத்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். இங்கே மோடத்தின் விளக்கும் துடித்துக்கொண்டிருந்தது. ஒரே லைனில் இரண்டு பேர் வர முடியாது என்று முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவன், கால் மணி நேரம் அதைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. குனிந்து பார்த்தால் மோடத்தின் போன் கம்பி தரையில் கிடக்கிறது. "நேத்து நீங்க குளிக்கப் போனப்போ நான்தான் பிடுங்கிட்டு போனைச் சொருகினேன், உங்க அக்காகிட்ட பேச வேண்டாமா?" என்கிறாள். லைனில் யாரும் இல்லாதபோது மோடம் தனக்குச் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லுமாம், அதை நிறுத்தி வைக்க வேண்டுமாம், கையேட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டர் பெயர் கேட்க, மோடம் அதையே திருப்பிச் சொல்ல, நேற்று நாலு மணியிலிருந்து அவை இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. உன் அண்ணி கையிலிருந்து போனை வாங்கி அக்காவிடம் கேட்டேன். "அட, தம்பிகிட்ட சொல்லவே மறந்துட்டேன்டா" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மறந்திருக்கிறாள்.

ஆகவே நீ தட்டவில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், உன் அண்ணி பிடுங்கிக்கொண்டாள். "நீங்கதான் முதல்ல பேசிட்டீங்க, இனிமே என்ன, தபால்ல போடுங்க" என்கிறாள். மேலே மன்னித்துவிட்டேன் என்று எழுதியதை மட்டும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ தட்டியது ஒரே ஒரு தடவை, இரண்டு வருடத்துக்கு முன்னால், அதற்குத் திறக்காதவன் நான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மோடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண போனில் நானே என் விரலால் உன் நம்பரைச் சுழற்றுகிறேன். நீ எடுத்து "யாரு?" என்று கேட்டால் திருப்பிக் கேட்க மாட்டேன். அண்ணன் என்று சொல்வேன்.