மாமனார் மூக்கும் சைக்கிள் ட்யூபும்

தோல் ஷாப்பில், அதாவது டேனரியில், வேலை பார்ப்பவனுக்கு மூக்கு என்பது முகத்தின் அழகுக்காக மட்டுமே. சேர்ந்த சில மாதங்களில் அதுவும் தோலோடு தோலாகப் பதனிடப்பட்டுவிடும். எண்பதுகளில் ஆம்பூரில் கெமிஸ்டாக இருந்த எனக்கு இது தெரியாது. கலவை என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்த பெரியவருக்குத் தெரிந்தது.

ஷாப்பை ஒட்டியிருந்த என் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா தம்பி இது? இந்த நாத்தத்துல எம்பொண்ணு எப்டிக் குடித்தனம் பண்ணும்?"

பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன் (அதற்குப் பிறகு தூக்கம் கம்மி). "அடுத்த மாசம் வாங்க, நாத்தமே இருக்காது" என்று சொல்லிவிட்டேன்.

வழியைப் படித்து வைத்திருந்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் பிளாஸ்மா உண்டாகும். காற்று சூடாகாது, எலக்ட்ரான்கள் மட்டும் வெறிபிடித்து ஓடி, தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியின் அழுகிய முட்டை நாற்றத்தை உடைத்துப் போடும். சினிமா கொட்டகையின் பழைய நியான் டிரான்ஸ்ஃபார்மர், குழிக் காற்றை இழுத்துத் தள்ள ஒரு ப்ளோயர், எர்த் கம்பி, எல்லாம் விதிப்படி. கண்ணாடிக் குழாயை ஷாப்பின் புகைபோக்கியோடு இணைக்க மட்டும் சைக்கிள் ட்யூபை இழுத்துக் கட்டினேன்.

அடுத்த மாதம் பெரியவர் ஷாப்புக்கே வந்தார். குழாய் ஊதா நிறத்தில் மினுங்கியது.

"நாத்தம் வருதுங்களா?"

துண்டை விலக்கினார். "கம்மியாத்தான் இருக்குது. மின்னல் வெட்டுன மாதிரி வேற ஒரு வாசன."

எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கம்மி போதுமா? வோல்ட்டை ஏற்றினேன்.

"போதும்ப்பா, பேஜார் பண்ணாத" என்றார் பக்கத்தில் நின்ற ஷாப் முதலாளி பாய், இருமிக்கொண்டே. இன்னும் ஏற்றினேன்.

அந்த மின்னல் வாசனையின் பெயர் ஓசோன். இழுத்துக் கட்டிய ரப்பரை அது தின்றுவிடும் என்பதும் படித்ததுதான். (பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.) ட்யூப் டப்பென்று வெடித்தது. விபத்து என்றால் முதலில் மின்னழுத்தத்தை நிறுத்து என்பது விதி. நிறுத்தினேன். ப்ளோயருக்குத் தனி சுவிட்ச், அது ஓடிக்கொண்டே இருந்தது. சுண்ணாம்புக் குழியின் மொத்தக் காற்றும், சுத்தமாகாமல், பெரியவரின் முகத்தில் அடித்தது.

பாய் அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். கல்யாணம் அத்தோடு முடிந்தது என்று நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

முகம் கழுவிவிட்டுப் பெரியவர் திரும்பி வந்தார். "மிஷின் ஓடுறப்போ இந்த நாத்தம் வரல. நீ நிறுத்துனதும்தான் வந்துச்சு. அப்போ நெசமாவே வேல செய்யுது." மூக்கைச் சிந்தினார். "அந்த ட்யூப மட்டும் மாத்திடுங்க, மாப்ள."

இன்றும் குக்கர் கேஸ்கட் லேசாகச் சீறி, நான் மூக்கை நீட்டினால் போதும், சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்: "இன்னாங்க, நீங்க மோந்து பாத்து இன்னா தெரியப் போவுது? எங்கப்பாவக் கூப்புடுங்க!"