நடந்தே கடலுக்குப் போன மீன்கள்

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. காட்டுக்கு ராஜா சிங்கம்தான். ஆனால் நனைவது அவருக்குப் பிடிக்காது. அதனால் ஆற்றுக்கென்று ஒரு துறையை ஏற்படுத்தி, ஆராவமுதன் என்ற கடமானை அதற்கு இயக்குநராகப் போட்டிருந்தார். ஆராவமுதனுக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும். ஆனால் கொம்பு பெரிது, குரலும் கனமானது. இந்த இரண்டும் இருந்ததால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று காடே நம்பியது. அவரும் நம்பினார்.

அந்த ஆற்றில் உல்லம் மீன்கள் இருந்தன. உல்லம் ஆற்றில் பிறந்து, குஞ்சாக இருக்கும்போதே கடலுக்குப் போய், அங்கே வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே வரும் மீன். கொஞ்ச காலமாகப் போகிற குஞ்சுகள் போய்க்கொண்டே இருந்தன, திரும்பி வருகிற மீன்கள்தான் குறைந்துகொண்டே வந்தன. கரடி சிங்கத்திடம் போய் முறையிட்டார். தின்ன மீன் இல்லை என்று அவர் பச்சையாகச் சொல்லவில்லை. "உல்லம் இனத்தோட எதிர்காலத்த நெனச்சா எனக்குச் சோறு இறங்கல ராஜா" என்றார். குஞ்சுகள் வழியில் எங்கே காணாமல் போகின்றன என்று கண்டுபிடிக்கும்படி சிங்கம் உத்தரவு போட்டார்.

ஆராவமுதன் அந்த வேலையை நாச்சிமுத்து என்ற நீர்நாயிடம் கொடுத்தார். மீன்களைப் பற்றி நாச்சிமுத்துவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அத்தனை மீன்களைத் தின்றிருந்தான். ஆய்வுக்கு உட்பட்ட மீன்களைத் தின்ன மாட்டேன் என்று சேர்ந்த அன்றே அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகத் துறையிலிருந்து தினமும் நண்டு வந்தது. நாச்சிமுத்து சத்தியத்தைக் காப்பாற்றினான். ஆனால் குஞ்சுகளோடு பேசும்போது வாயில் எச்சில் ஊறுவதை அவனால் தடுக்க முடியவில்லை. நடுநடுவே முகத்தைத் திருப்பி விழுங்கிக்கொண்டான்.

அவன் வேலை இதுதான். அரிசிமணி அளவில் ஒரு கருவி. அதை ஒவ்வொரு குஞ்சின் முதுகுத் துடுப்பிலும் பிசின் வைத்து ஒட்ட வேண்டும். கருவி விடாமல் 'கீங், கீங்' என்று கத்தும். அந்தச் சத்தத்தை வைத்து, குஞ்சு எங்கே போனாலும் துறையின் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும்.

மடுவில் வரிசையாக நின்ற குஞ்சுகளில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் முறை வந்ததும் துடுப்பை விரிக்காமல் கேட்டாள்.

"இதனால எங்களுக்கு என்னண்ணே பிரயோசனம்?"

"நீங்க எங்க சாகுறீங்கன்னு தெரிஞ்சுக்கலாம், புள்ள."

"அது எங்களுக்குத் தெரியுமே. கீழ ஒரு தடுப்பணை இருக்கு. தண்ணி போறதுக்கு ஒரே ஒரு மதகு. மதகு வாசல்ல நீர்க்காகங்க வாயத் திறந்துகிட்டு உக்காந்திருக்கும். அங்கதான் சாவோம். இன்னும் ரெண்டு மதகத் திறந்துவிடச் சொல்லுங்க, போதும்."

நாச்சிமுத்துவுக்கு அது நியாயமாகவே பட்டது. ஆராவமுதனிடம் போய்ச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீன் சொல்லுவதெல்லாம் அபிப்பிராயம், நாச்சிமுத்து. எனக்குத் தகவல் வேண்டும். தகவல் என்றால் புள்ளி" என்றார்.

முதல் கூட்டத்தைக் கீங் கீங் என்ற சத்தத்தோடு ஆற்றில் விட்டார்கள். வெள்ளச்சி அடுத்த கூட்டத்தில் இருந்தாள். புள்ளிகள் தெளிவாகத் தெரிவதற்காக ஆராவமுதனின் கொம்பில் செப்புக் கம்பிகளைச் சுற்றி அவரைக் கரையில் நிறுத்தினார்கள். அவர் அசைபோட்டால் திரை மங்கியது. அதனால் வாயில் இருந்த புல்லை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். நாச்சிமுத்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புள்ளிகள் நல்லபடியாகத் தடுப்பணை வரைக்கும் போயின. மதகுக்கு முன்னால் கூடின. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு எல்லாப் புள்ளிகளும் ஒரே சமயத்தில் கிளம்பி, ஆற்றை விட்டு விலகி, அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த நீர்மருத மரத்தின் உச்சியில் போய் நின்றன.

ஆராவமுதன் புல்லை விழுங்கிவிட்டார். "உல்லம் குஞ்சு மரம் ஏறுகிறது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "இத்தனை காலம் இது யாருக்கும் தெரியாமல் போய்விட்டதே, நாச்சிமுத்து."

நாச்சிமுத்து கரையோரமாகத் தடுப்பணைக்கு ஓடினான். மரத்தின் உச்சியில் சடையப்பன் என்ற நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி அவன் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்தது. சடையப்பன் ஏப்பம் விட்டான். வயிற்றுக்குள்ளிருந்து 'கீங்' என்று கேட்டது.

"வாங்க மாப்ள" என்றான் சடையப்பன். "உங்க துறைக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. முன்னெல்லாம் கலங்கல் தண்ணியில மீன் வர்றதே தெரியாது. பாதி தப்பிச்சுப் போயிரும். இப்ப அதுகளே குரல் கொடுத்துகிட்டு வருதுங்க. எங்க வீட்டுக் கிழவிக்குக் கண்ணு தெரியாது. அதுகூட இன்னைக்கு வயிறாரச் சாப்பிட்டுச்சு."

"ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?"

"இருந்தா சத்தம் கேக்குமே."

நாச்சிமுத்து திரும்பி வரும் வழியில் இரண்டு தரம் உட்கார்ந்தான். அவனும் ஒரு காலத்தில் மீன் தின்றவன்தான். ஆனால் நம்பி வந்து துடுப்பை விரித்துக் காட்டிய ஒன்றை அவன் தின்றது கிடையாது. இன்று அதையும் செய்துவிட்டதுபோல் இருந்தது, அதுவும் வயிறு நிறையாமல்.

நடந்ததை ஆராவமுதனிடம் சொன்னான். அவர் கொம்பிலிருந்த கம்பியைச் சரிசெய்துகொண்டே, "மீனை நீர்க்காகம் தின்றது என்று ராஜாவிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். அது எல்லாருக்கும் தெரிந்தது. மரம் ஏறியது என்றால் எழுந்து உட்காருவார். நாளைக்கு அடுத்த கூட்டத்தை விடு" என்றார்.

"என்னால முடியாதுங்க, ஐயா."

"உன் இஷ்டம். இந்த இடத்துக்கு முதலை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனை வரச்சொல்கிறேன்."

முதலையின் பெயரைக் கேட்டதும் நாச்சிமுத்து அவசரமாக, "விடறேங்க" என்றான்.

மறுநாள் காலையில் மடுவுக்குப் போனான். குஞ்சுகள் வரிசையாக நின்றன. முதல் கூட்டத்துக்கு நேர்ந்தது தவளைகள் மூலமாக வந்து சேர்ந்திருந்தது. வெள்ளச்சி தானாகவே துடுப்பை விரித்தாள்.

"சீக்கிரம் ஒட்டிருங்கண்ணே. காத்திருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு."

நாச்சிமுத்து பிசினை எடுத்துத் தன் வயிற்றில் பூசினான். ஒரு கருவியை எடுத்து அதில் ஒட்டிக்கொண்டான். அப்புறம் இன்னொன்று. வயிறு நிறைந்ததும் விலாவில் ஒட்டினான், பிறகு வாலில். கடைசியில் உடம்பு முழுக்கக் கீங் கீங் என்று அலறியது. அவன் பேசியதே அவனுக்குக் கேட்கவில்லை.

"நான் கரை வழியாப் போறேன்" என்று கத்தினான். "நீர்க்காகங்க என் பின்னால வரும். மதகு காலியானதும் நீங்க போயிருங்க. யாரும் பேசாதீங்க."

அவன் நினைத்ததைவிட அதிகமாகவே அவை வந்தன. ஆற்றோரமாக இத்தனை மீன் ஒரே கும்பலாகப் போகிற சத்தத்தைச் சடையப்பன் வாழ்நாளில் கேட்டதில்லை. சொந்தபந்தத்தைத் திரட்டிக்கொண்டு பறந்து வந்தான். சத்தம் ஆற்றில் இல்லாமல் புதரில் இருந்தது அவனுக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் பசி குழப்பத்தை ஒதுக்கிவிட்டுக் கொத்தியது. நாச்சிமுத்து தாழம்புதருக்குள் புகுந்து ஓடினான், கல்லிடுக்கில் ஒளிந்தான், ஆலமரத்தடியில் மூச்சு வாங்கினான், அங்கே கிடைத்த நண்டு ஒன்றைத் தின்றான், மறுபடி ஓடினான். கிழவி நீர்க்காகம் மட்டும் விடவே இல்லை. கண் தெரியாததால் அவன் நீர்நாய் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கழிமுகத்து மணலில் அவன் போய் விழுந்தபோது ஒரு காது கிழிந்திருந்தது. மாலையில் தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளச்சி தலையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் இருந்தது.

"என்னண்ணே, காது?"

"பாதி இருக்கு."

வெள்ளச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி உப்புக் கரிக்குதுண்ணே" என்றாள்.

"கொஞ்ச நாள்ல பழகிரும். போ."

திரையில் இதையெல்லாம் பார்த்த ஆராவமுதன் அன்று சாப்பிடவே இல்லை. எல்லாப் புள்ளிகளும் மடுவில் கரையேறி, தரைவழியாகத் தடுப்பணையைக் கடந்து, ஆலமரத்து நிழலில் இளைப்பாறி, ஒன்றுகூடக் குறையாமல் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. முடிவு தெளிவாக இருந்தது. உல்லம் குஞ்சு மரம் ஏறினால் சாகிறது, நடந்தால் பிழைக்கிறது.

அடுத்த பருவத்துக்குள் ஆற்றோரமாக மீன்களுக்கு நடைபாதை போட்டார்கள். இரண்டு பக்கமும் நிழல் மரம், உட்காரக் கல் பலகை, 'மீன்கள் நடக்கும் வழி, இடித்துக்கொள்ளாமல் செல்லவும்' என்று அறிவிப்பு. சிங்கம் வந்து திறந்துவைத்தார். சடையப்பன் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு மதகைக் காலிசெய்து, குடும்பத்தோடு கல் பலகைக்குக் குடிவந்தான். அரசாங்கமே எழுதி வைத்திருக்கும்போது மீன் வராமலா போகும் என்பது அவன் கணக்கு. வருஷா வருஷம் நாச்சிமுத்து உடம்பெல்லாம் கருவியை ஒட்டிக்கொண்டு அந்தப் பாதையில் ஓடினான். குஞ்சுகள் அனைத்தும் சத்தமில்லாமல் மதகு வழியாகக் கடலுக்குப் போயின.

இப்படியிருக்கும்போது வெள்ளச்சி வளர்ந்து, வயிறு நிறைய முட்டையோடு ஆற்றுக்குத் திரும்பி வந்தாள். முதன்முதலாகத் திரும்பி வந்த ஆய்வு மீன் என்பதால் பெரிய விழா எடுத்தார்கள். அவளை ஓர் அகலமான பானையில் வைத்து மேடையில் ஏற்றினார்கள். சிங்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார். கரடி முன்வரிசையில் இருந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராவமுதன் நீளமாகப் பேசிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லம்மா. எந்த வழியாகப் போனாய், எந்த வழியாக வந்தாய்?"

மேடையின் ஓரத்தில் நின்ற நாச்சிமுத்து பானையை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தான். மதகு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதையைப் பெயர்த்துவிடுவார்கள். தன் வேலைக்கு முதலை வந்துவிடுவான். அடுத்த மாதம் பொரியப்போகும் அவள் குஞ்சுகளின் துடுப்பில் கருவி ஏறும். அவளிடம் முன்கூட்டியே பேசிவைக்க அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. மடுவுக்கு அவள் வந்து சேர்ந்த உடனேயே பானையில் கொண்டுவந்துவிட்டார்கள்.

வெள்ளச்சி பானையின் விளிம்புக்கு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கடமானின் கொம்பைப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் கிழிந்த காதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நடந்துதான் போனேன், நடந்துதான் வந்தேன்" என்றாள். "பாதை அருமையா இருக்கு. ரொம்ப தூரம் இல்லீங்களா, அதான் கால் வலிக்குது."

கூட்டம் கைதட்டியது. அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி ராஜா உத்தரவிட்டார்.

நீதி: காலே இல்லாவிட்டாலும், கேட்கிற இடத்தில் கால் வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்தான் கரை சேருவார்.