லினக்ஸ் விழுங்கிய கல்யாணப் பட்டியல்

சலாத்திகா,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி ஹெர்லம்பாங்குக்கு, அண்ணன் சுதர்மாஜி ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே கணினியைத் தவிர அனைவரும் நலம். யோக்யகர்த்தாவில் உன் வீட்டார் நலத்தையும் அறிய விரும்புகிறேன்.

பெருநாள் விடுமுறைக்கு வந்த நீ, கேத்துப்பாட் அரிசிக்கட்டியைத் தின்றுகொண்டே சொன்னது நினைவிருக்கிறதா? "அண்ணே, நீங்க அஞ்சு வேளை தொழுறீங்க, உங்க கம்ப்யூட்டர்ல ஓடுறது பூராவும் திருட்டு காப்பி. இலவசமா கிடைக்குற லினக்ஸ் போட்டுத் தரேன், ஹலாலா இருங்க" என்றாய். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கறைபடாமல் இருந்தவனுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. சரி என்றேன். போடும்போது அது கணினிக்குப் பெயர் கேட்டது. வெறும் இயந்திரம்தானே என்று விடாமல், அரண்மனைக் களையோடு ஜயாதிநிங்ராத் என்று வைத்தேன். நீ சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போனாய்.

மறுநாள் பிடித்தது சனி. திரையில் கறுப்புப் பெட்டி ஒன்று வந்து கடவுச்சொல் கேட்டது. தட்டினேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று புதிது வாங்கினேன், அதிலும் விழவில்லை. கடவுச்சொல் தட்டினால் திரையில் எதுவும் விழாது, அது அப்படித்தான் என்று நான்கு நாள் கழித்து நீ போனில் சொன்னாய். பிரிண்டரோ என்னைத் தெரியாதது போலவே இருந்தது. திரை அடிக்கடி உறைந்து நின்றது. எதிர்வீட்டு வெலாஸ் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன பேரு வச்சீங்க?" என்றார். சொன்னேன். "அதான் நோஞ்சானா கிடக்கு! பேரோட கனத்தை அது தாங்கலை. பிள்ளைக்குன்னா மாத்தமாட்டீங்களா?" என்றார். உன் அண்ணி உடனே, பிள்ளைக்குப் பெயர் மாற்றும்போது செய்வதுபோல, சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சினாள். ஏழு வீட்டுக்காரர்கள் கணினியைச் சுற்றி உட்கார்ந்து துவா செய்தார்கள். நலம் என்று பொருள்படும்படி ஸ்லாமெத் என்று பெயரை மாற்றி, அணைத்துப் போட்டேன். பிரிண்டர் பக்கம் பக்கமாகத் துப்பியது. நீ இதற்கு வேறு காரணம் சொல்வாய், வேண்டாம்.

ஆனால் தம்பி, என் மகள் லாரஸின் கல்யாணத்துக்கு அழைக்கவேண்டியவர்கள் பட்டியலைக் காணோம். அறுநூற்று நாற்பது பேர். இரண்டு வருடமாக நான் சேர்த்தது. எல்லாவற்றையும் பத்திரமாக நகல் எடுத்ததாக நீ சொன்னாய், தேடாத இடமில்லை. ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தோம். அண்ணி நூற்றெண்பது பேர் சொன்னாள், அத்தனையும் அவள் பக்கம். "உங்க ஆளுங்க பேரு உங்களுக்கே மறந்துபோச்சுன்னா நான் என்ன பண்ண?" என்கிறாள். ஒருவரை விட்டாலும் சாகும்வரை என் முகத்தில் விழிக்கமாட்டார்கள். பயமாக இருக்கிறது. திருமணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் வந்து அந்தப் பட்டியலை மீட்டுக் கொடு. இல்லாவிட்டால் பழைய திருட்டு காப்பியையே போட்டுவிடு, பாவத்தை நான் சுமக்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவிக்கு அண்ணியின் அன்பு.

இப்படிக்கு,
சுதர்மாஜி

பி.கு.: சித்தப்பா, நான் லாரஸ். அப்பா தொழப் போயிருக்காரு. லிஸ்ட் எங்கிட்டதான் இருக்கு. நீங்க எடுத்த காப்பியில இருந்து நான்தான் தூக்கிட்டேன். அறுநூத்து நாப்பது பேருக்கு நடுவுல நின்னு சிரிக்க என்னால ஆகாது. எனக்கு எழுபது பேர் போதும். அப்பா கேட்டா, "லினக்ஸ்ல ஒரு தடவ போனா போனதுதான்"னு சொல்லிடுங்க, ப்ளீஸ்.

மறு பி.கு.: ஹெர்லம்பாங், அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது என் உத்தியோகப் பழக்கம். படித்தேன். முதலில் கோபம் வந்தது, பிறகு பெரிய நிம்மதி. எழுபதே இருக்கட்டும். நான் படித்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். ஊரில் யார் கேட்டாலும் லினக்ஸ்தான் தின்றுவிட்டது என்று சொல்லப்போகிறேன், நீயும் அதையே சொல். சனிக்கிழமை வராதே, பட்டியலைக் கண்டுபிடித்துத் தொலைப்பாய். கல்யாணத்துக்கு வந்தால் போதும்.