நீலக் கட்டையை விட்டு மஞ்சள் கட்டையோடு போனோம்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. (மூன்று பேர் என் தங்கையின் பிள்ளைகள். அவள் சீக்கிரம் போய்விட்டாள்.) ஏழு பேரைக் கரை சேர்த்தவள் அரை மணி நேரத்து நடைபாதையில் வழி தவறினாள் என்றால் நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் எனக்கு நல்லதுதான். ஆனால் என் பேத்தி யாழினி அதைப் போகிற இடமெல்லாம் சொல்கிறாள். அவள் சொல்லும் கதையில் நான் ரொம்ப மோசமாக இருக்கிறேன். அதனால் நானே எழுத உட்கார்ந்தேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவில்தான் வரும். பரவாயில்லை, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

யாழினிக்கும் தினேஷுக்கும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரே கட்டடத்தில் வேலை. பிடித்துப்போய்விட்டது. பையன் வீடு கிள்ளானில். இரண்டு வீடும் முதன்முதலில் சந்திக்க, டெங்கில் பக்கம் லங்காட் ஆற்றங்கரையில் ஒரு மலாய்க் கம்பத்தை, அதாவது கிராமத்தை, பிள்ளைகளே பிடித்தார்கள். காலையில் ஆற்றோரம் நடை, மதியம் கூடாரத்தில் கம்பத்துச் சமையல். (வீட்டில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.)

காரில் வரும்போதே யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டி, அவங்க பாட்டி தலையாட்டினாத்தான் அந்த வீட்ல எதுவும் நடக்கும். அவங்க என்ன சொன்னாலும் நீங்க எதுத்துப் பேசாதீங்க. ப்ளீஸ் லா."

"நான் எப்படி எதுத்துப் பேசுவேன்?" என்றேன். முன் சீட்டில் இருந்த என் மகன் இருமினான்.

அந்தப் பாட்டி பார்வதி அம்மாள். பட்டுச்சேலை, வைரத்தோடு, நிமிர்ந்த முதுகு. நானும் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். யாருக்கு வயது அதிகம் என்று தெரியாததால் அவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அக்கா என்றேன். மற்றவர்கள் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்கப் போனார்கள். எங்கள் இருவரையும் நடைபாதையில் விட்டுவிட்டு யாழினி சொன்னாள்:

"ரொம்ப ஈசியான பாதை பாட்டி. வழியில நட்டிருக்கிற நீலக் கட்டையப் பாத்துட்டே நடங்க. ஒரு சுத்து சுத்திக் கிளம்பின இடத்துக்கே வந்துடலாம்."

கிளம்பின இடத்துக்கே வருவதற்கு எதற்கு நடக்க வேண்டும்? விடிவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவளுக்கு இது புரியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேனே.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பலகை. மலாயும் ஆங்கிலமும் நிறைய எழுதி, கோடு கோடாகப் படமும் போட்டிருந்தது. பார்வதி அம்மாள் அதன் முன் நின்று படித்தார். பையன் வீட்டார் படிக்கும்போது நான் படிக்காமல் நின்றால் நன்றாக இருக்காது. நானும் படித்தேன். அதாவது, முதல் வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் முடிப்பதாகத் தெரியவில்லை.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றார் கடைசியில்.

"ஆமாக்கா, விவரமா இருக்கு."

நடந்தோம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழையும் ரம்புத்தானும். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் நீலக் கட்டை, வலது பக்கம் மஞ்சள் கட்டை. பார்வதி அம்மாள் சட்டென்று வலது பக்கம் திரும்பினார். 'நீலம்' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு மஞ்சளோடு போனேன்.

ஆறு காணாமல் போனது. எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை வந்தது. அப்புறம் ஒரு வாய்க்கால், ஒரு மரப்பாலம், திரும்பவும் செம்பனை. கட்டை மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

"சரியாத்தானே போறோம் அக்கா?" என்றார் அவர்.

"நீங்க சொன்னா சரிதான் அக்கா."

இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டோம். கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், என்னுடையது காரில். அவருடையது வீட்டுச் சாமி அறையில் சார்ஜில். முழங்கால் கெஞ்சத் தொடங்கிய நேரத்தில் மரங்களுக்கு அப்பால் வெள்ளைக் கூடாரம் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

கிட்டப் போனால் ஒரு கூடாரம் இல்லை, ஐந்தாறு. வரிசையாக மேசைகள், அண்டா அண்டாவாகச் சோறு. பாஜு கூரோங் என்கிற நீளமான மலாய் உடை போட்ட ஒரு அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மாரி மாக்சிக், மாக்கான் டுலு." வாங்க, முதலில் சாப்பிடுங்கள் என்கிறாள். டாகிங்கா என்று கேட்டேன். மாட்டிறைச்சி அந்தப் பக்கம், இந்தப் பக்கம் கோழி என்று அவளே பார்த்துப் பரிமாறினாள். எங்கள் ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்து உட்கார்ந்தோம்.

சாப்பிடச் சாப்பிட எனக்குக் குழப்பம். வெறுமனே பார்த்துப் பேச வந்த இடத்தில் இத்தனை கூட்டமா? பையன் வீட்டார் நம்மைக் கேட்காமலே நிச்சயதார்த்தத்தை வைத்துவிட்டார்களா? பார்வதி அம்மாளும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கூட்டம் கொஞ்சம் அதிகமா இருக்கே அக்கா."

"ஆமாக்கா. நானும் அதத்தான் நெனச்சேன்."

"உங்க வீட்டுக்கு மலாய்க்காரங்க பழக்கம் ரொம்பவோ?"

"உங்களுக்கு இருக்கிற அளவு இல்லக்கா."

அவர் முகம் இறுகியது. நான் சொன்னதில் எங்கே தப்பு என்று தெரியவில்லை. இனிமேல் எதுவும் பேசக்கூடாது என்று கோழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினியின் முகம் வந்து வந்து போனது.

அப்போது பறைபோல ஏதோ கொட்டு முழங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். மினுமினுக்கும் காகிதப் பூ கட்டிய நீளக் கழிகள் முன்னால் வர, குடையின் கீழ் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வந்தார்கள். பார்வதி அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அக்கா," என்றார் மெதுவாக, "இது என் பேரன் இல்ல."

நானும் நன்றாகப் பார்த்தேன். "அது என் பேத்தியும் இல்லக்கா."

வாயில் இருந்த கோழியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து பார்த்தால், சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது.

"நீங்க ஏன் அக்கா அந்தப் பக்கம் திரும்புனீங்க?" என்று கேட்டேன்.

"நீலக் கட்டை மேல ஒரு கொரங்கு உக்காந்திருந்துச்சு. பயந்து ஒதுங்குனேன். நீங்க பின்னாலேயே வந்தீங்க. எஸ்டேட்ல வளந்தவங்க, வழி தெரிஞ்சுதான் வராங்கன்னு நெனச்சேன்."

"பலகையில என்னதான் எழுதியிருந்துச்சு?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் உங்களுக்காகத்தானே நின்னேன்."

கையைப் பிடித்து உட்கார வைத்த அம்மாதான் பெண்ணுக்குத் தாய். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கு ரோஸ் சிரப்பும், அவர்கள் கல்யாண வழக்கப்படி பூச்செண்டில் கட்டிய அவித்த முட்டையும் கொடுத்தாள். யாரோ ஒரு பையனை மோட்டார் சைக்கிளில் எங்கள் ஆட்களிடம் அனுப்பினாள்.

யாழினியும் தினேஷும் ஓடி வந்தார்கள். அவள் அழுத முகத்தோடு முதலில் என்னைப் பார்க்கவில்லை, பார்வதி அம்மாளைப் பார்த்தாள். அவர் சிரப்பைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"உங்க பாட்டி ஒரு வார்த்த எதுத்துப் பேசல. இவங்களோட சம்பந்தம் வெச்சா ரெண்டு வீடும் சேந்து காட்டுலதான் நிக்கணும்." முட்டையை உரித்தார். "இருந்தாலும் வெச்சுக்கலாம்."

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் உட்காரும் முன் யாராவது ஒருவர் என் காதில் கேட்டுவிடுவார்கள்: "மாப்பிள்ளை யாருன்னு பாத்துட்டீங்களா பாட்டி?" யாழினி கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் பார்வதி அம்மாளே மேடையிலிருந்து கேட்டார். நான் பார்த்துவிட்டேன் என்று கையைக் காட்டினேன்.

எழுதி முடித்துவிட்டேன். யாழினி, இங்க வா, முழுசும் படிச்சுக் காட்டு. ஹால்ல தினேஷோட பாட்டி உக்காந்திருக்காங்க. அவங்க பலகை படிச்ச எடத்தச் சத்தமா படி. நான் படிச்ச எடத்தக் கொஞ்சம் மெதுவா படிம்மா.